முப்பதாம் வருஷத்துப் பாடம்

சாரங்கபாணி வகுப்பெடுத்தால் சீனாதேசம் திருப்பதிக்கு நாலு தெரு தள்ளி இருப்பதுபோல இருக்கும். கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பின்னால், பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைத் தொழிலாளிகள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே ஒருத்தன் குடத்துக்கு ஒடுக்கு எடுத்துக்கொண்டிருப்பான். மேலே இந்த மனுஷர் ஷாங்காய் நகரத்துச் சந்துகளைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பார். அப்பா, பெரியப்பா, அண்ணா எல்லாரும் பெருமாள் கைங்கரியம். இவர் மட்டும் பூணூலைக் கழற்றிவிட்டுச் சங்கம் கட்டக் கிளம்பியவர். நல்ல மனுஷர்தான், இல்லையென்று யார் சொன்னது? கெட்டவன் கெடுதல் செய்தால் ஓடி ஒளியலாம். நல்லவர் செய்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கன்னிகாவுக்குச் சீனாமேல் ஆசை ஒன்றும் கிடையாது. அவள் வேலை செய்த கம்பெனியின் முதலாளியே சீனாக்காரன். அவள் அந்த மாடிப்படி ஏறியது தம்பி ரகுவுக்காக. அதே கம்பெனியில் பிரஸ் மிஷினில் நின்றவன் அவன். கை உள்ளே இருந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும், அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. வேலை தாமதமாகிறதென்று சூப்பர்வைசர் அதை அணைத்து வைத்திருந்தான். ரகுவின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? குடித்துவிட்டு வந்து அவனேதான் சென்சாரை அணைத்தான் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனை வேலையை விட்டு நீக்கியது. அந்த வாய் விளங்குமா?

நடந்ததைக் கண்ணால் கண்டவன் பக்கத்து மிஷினில் நின்ற தனசேகர் ஒருவன்தான். புலிக்காட்டு ஏரிப் பக்கம் தடா ஊர்க்காரன், ரகுவின் வயசு, நாலு வார்த்தை பேசினால் மூன்றை விழுங்கிவிடுகிற ஆள். ஆனால் இந்த விஷயத்தில், "நான் பார்த்தேன், எங்க வேணா வந்து சொல்றேன்" என்று முழுசாகச் சொல்லியிருந்தான். அவன் லேபர் ஆபீசில் வந்து சொன்னால் ரகுவுக்கு வேலையும் திரும்பும், மானமும் திரும்பும். இல்லாவிட்டால் சொந்த ஊர் கங்காதர நெல்லூரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான், அதுவும் இடது கையால். வழக்கை நடத்தச் சங்கம் வேண்டும், சங்கத்துக்குச் சாரங்கபாணி வேண்டும். அதனால்தான் கன்னிகா வாரம் தவறாமல் சீனத்துக் கதை கேட்டாள்.

சேர்ந்த அன்றைக்கே சாரங்கபாணி கறாராகச் சொல்லிவிட்டார்: "மேனேஜ்மென்ட் ஆளுங்களோட ஒட்டோ உறவோ இருக்கறவங்க இங்க வேண்டாம் தோழர். அப்படி மறைச்சது தெரிஞ்சா அவங்களும் வெளிய, அவங்க வழக்கும் வெளிய."

கன்னிகாவின் புருஷன் பாலசுப்பிரமணியன் ஒரு டிராவல்ஸில் டிரைவர். அந்த டிராவல்ஸ் ஓட்டியதே கம்பெனி மேனேஜர்களுக்குத்தான். "எங்க வூட்டுக்காரரு சித்தூர்ல ஆட்டோ ஓட்டறாரு தோழர்" என்று சொல்லிவிட்டாள். வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லியிருந்தாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு இரண்டு மடியிலும் கனம்.

அன்றைய பாடம் சீனாவில் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்த கதை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷத்துக் கோடைக்காலம். ஷாங்காயில் வெள்ளைக்காரன் ஆண்ட பகுதியில் ஒரு வீட்டுக்குள் பத்துப் பதின்மூன்று பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ரகசியமாகக் கட்சி கட்டுகிறார்கள். ஒரு சாயங்காலம் நீள அங்கி போட்ட ஒருத்தன் உள்ளே எட்டிப் பார்க்கிறான். யார் வேண்டும் என்றால், யாரோ ஒரு தலைவர் பேரைச் சொல்கிறான். வீடு தப்பிவிட்டது என்று போய்விடுகிறான்.

"கூட இருந்தவர்ல ஒருத்தர் அனுபவசாலி. மேஜையைத் தட்டி, உடனே கலைஞ்சு போங்கன்னார்" என்று சாரங்கபாணி குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நேரத்துல போலீஸ் வந்து வீட்டையே புரட்டிப் போட்டுது. ஒருத்தரும் மாட்டலை. அந்த ஒரு நிமிஷ சந்தேகம்தான் கட்சியையே காப்பாத்தினது."

"அப்பால மீட்டிங் எங்க நடந்திச்சு?" என்று கேட்டாள் அகிலா. பேக்கிங் செக்ஷன்காரி, செல்போனைக் கையை விட்டுக் கீழே வைக்காதவள்.

"ஒரு ஏரியில, படகுல. கூட்டத்துக்கு வந்த ஒருத்தரோட சம்சாரம்தான் அந்த ஊரைச் சொல்லி, படகு பேசி, முனையில தானே உட்கார்ந்து காவல் காத்தா. உள்ளே இவங்க சூதாடற மாதிரி காயைப் பரப்பி வெச்சிக்கிட்டு கட்சியை முடிச்சாங்க."

"அந்தம்மா பேரு இன்னா தோழர்?" என்றாள் கன்னிகா.

"பேரு... இப்ப ஞாபகம் இல்லம்மா."

கட்சியையே காவல் காத்தவளுக்குப் பேர் இல்லை! கன்னிகாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படகு முனையில் உட்கார்ந்த அந்தப் பெண்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் கதவு திறந்தது. பூப்போட்ட சட்டைக்காரன் ஒருத்தன் தலையை மட்டும் நீட்டினான். அறையைச் சுற்றிப் பார்த்தவன் கண் ஒரு மூலையில் போய் நின்றது. அங்கே கன்னிகாவும் தனசேகரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "இங்க... சங்கரய்யா வூடு எதுங்க?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டான்.

வந்தவன் பாலசுப்பிரமணியன். கன்னிகாவுக்குத் தாலி கட்டிய புருஷன்.

சாரங்கபாணி முகம் வெளுத்து நின்றார். நூறு வருஷத்துக்கு முந்தின ஷாங்காய் அவர் அறைக்குள்ளேயே வந்துவிட்டதல்லவா! "எழுந்திருங்கோ! எல்லாரும் எழுந்திருங்கோ!" என்றார். இத்தனை வருஷம் அழித்து வைத்திருந்த ஆத்துத் தமிழ் பதற்றத்தில் தானாக வெளியே வந்தது. பாயைக்கூடச் சுருட்டாமல் எல்லாரும் இறங்கி, நாலு திசையில் கலைந்தார்கள். சரித்திரத்துக்குள்ளேயே ஓடுகிற சந்தோஷம் எல்லார் முகத்திலும். பின்னாலேயே போலீஸ் வந்ததாகச் சாரங்கபாணி கடைசிவரை சாதித்தார். பாத்திரக் கடைக்காரனைக் கேட்டால், சாமி புறப்பாட்டுக்கு வழி பார்க்க இரண்டு கான்ஸ்டபிள் வந்து டீ குடித்துப் போனார்கள் என்பான்.

'ஐயோ, அவர் எங்க வூட்டுக்காரர்' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். சொல்லவில்லையே பாவி.

வீட்டில் பாலசுப்பிரமணியன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "ஓவர்டைம்னு சொல்லிட்டு எங்கடி போய்க்கினு கீற? எவன்கூடவோ சுத்தறேன்னு ஒருத்தன் சொன்னான். பின்னாலயே வந்தேன்."

"கம்ப்யூட்டர் கிளாஸு. பிரமோஷனுக்கு" என்றாள் கன்னிகா. பொய் வாயில் தயாராகவே இருந்தது.

அவன் பார்த்தது பாய், கரும்பலகை, கண்ணாடி போட்ட ஒரு ஐயர். நம்பிவிட்டான். "நான் வேற இன்னாவோ நெனச்சிட்டேன்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தான். "சோத்தப் போடு, துன்னுட்டு டூட்டிக்குப் போவணும்" என்றான். அவன் மட்டில் விஷயம் அத்தோடு முடிந்தது.

அந்தப் பக்கம் முடியவில்லை. வந்தவன் யாருக்குக் கண் காட்டினான் என்ற கேள்வி போனுக்குப் போன் ஓடியது. அந்த மூலையில் இருந்தவர்கள் இரண்டே பேர். கன்னிகா ரகுவுக்கு அக்கா. அவளைச் சந்தேகப்பட முடியுமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு வாரத்துக்குள் தனசேகர் வாய் பேசாதவன் என்பதே குற்றமாகிவிட்டது. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் அகிலா.

சங்கத்தைத் தொடங்கும் கூட்டத்தை ஏரியில் நடத்துவதென்று முடிவாயிற்று. எங்கே? பிச்சாட்டூர் அணைக்கட்டில். மழைக்குப் பின் தண்ணீர் நிறைய நின்றது. ஒரு மீன்பிடிப் படகைப் பேசி, ரகசியம் போய்விடுமே என்று படகுக்காரரைக் கரையிலேயே விட்டுவிட்டுத் தாங்களே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். ரகுவுக்குக் கையில் சீழ் வைத்து அன்று வரவில்லை. சாரங்கபாணி, "கன்னிகா தோழர் முனையில உட்காரட்டும், காவலுக்கு" என்றார். கேட்டதும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த நிறைவு அரை மணி நேரம் நீடித்தது.

நடு ஏரிக்கு வந்ததும் சாரங்கபாணி தொண்டையைச் செருமினார். "சங்கம் தொடங்கறதுக்கு முன்னாடி நாம சுத்தமாகணும். நம்ம மரபுல விமர்சனம் உண்டு, சுயவிமர்சனமும் உண்டு. தப்பு செஞ்சவன் தானே எழுந்து சொல்லணும். சொன்னா மன்னிப்பு உண்டு. தனசேகர், சொல்லுங்க."

தனசேகர் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். "இன்னா சொல்றது?"

"அந்த ஆள் யார்?"

"தெரியாது தோழர். சாமி சத்தியமா தெரியாது."

"சாமியெல்லாம் இங்க வேண்டாம். உங்களைத்தானே பார்த்தான்?"

சாரங்கபாணி முனைப்பக்கம் திரும்பினார். "கன்னிகா தோழர், நீங்க பக்கத்துல இருந்தீங்க. வந்தவனும் இவரும் கண்ணைக் காட்டிக்கிட்டாங்களா?"

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த கன்னிகாவுக்கு ரகுவின் கட்டுப்போட்ட கை ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் மேனேஜர் கார் டிரைவரின் பெண்டாட்டி அவள். அவளும் வெளியே, வழக்கும் வெளியே. தனசேகருக்கு என்ன ஆகிவிடும்? நாலு வார்த்தைத் திட்டு, ஒரு மன்னிப்பு. பிறகு சாட்சி சொல்ல வரத்தானே போகிறான்? அவள் அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

"ஆமா. நான் பார்த்தேன்" என்றாள்.

தனசேகர் அவளைப் பார்த்தான். "அக்கா..." என்றான். மிச்சத்தை வழக்கம்போல விழுங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அந்தப் படகில் இருந்தவர்கள் மனுஷர்களாக இல்லை. அவனுக்கு நீச்சல் தெரியாதென்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் காலை அகட்டி நின்று படகை ஆட்டினான். "புலிக்காட்டு ஏரி பக்கத்துல பொறந்துட்டு நீச்சல் தெரியலியாடா?" என்று இன்னொருத்தன் சிரித்தான். "சொல்லிடு, கரைக்குப் போலாம்" என்றான் மூன்றாமவன். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. தனசேகர் அடிப்பலகையில் முகம் பட விழுந்து அலறினான். ஒரு மனுஷன் மரணபயத்தில் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சாரங்கபாணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை. அகிலா செல்லை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"ஆமா! நான் கம்பெனி ஆளுதான்! எல்லாம் பொய்! நான் சொன்னது எல்லாமே பொய்! என்னைக் கரையில வுட்டுடுங்க, உங்க கால்ல வுயறேன்!"

படகின் ஆட்டம் நின்றது. "ஒத்துண்டுட்டான்" என்றார் சாரங்கபாணி. அவர் குரலில் நிஜமான நிம்மதி இருந்தது. கரையில் இறக்கிவிட்டபோது தனசேகரின் பேண்ட் நனைந்திருந்தது. அது ஏரித் தண்ணீர் மட்டுமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. மன்னிப்பு உண்டு என்றார்களே, அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவனை அங்கேயே நீக்கிவிட்டு, மறுபடி படகில் ஏறிச் சங்கத்தைத் தொடங்கி, கைதட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அகிலாவின் வீடியோ தொழிலாளிகள் செல்லிலெல்லாம் ஓடியது. அதில் தனசேகரின் அழுகையும் இருந்தது, முனையிலிருந்து ஒரு பெண் குரலும் இருந்தது: ஆமா, நான் பார்த்தேன்.

ரகு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "கூடவே நின்னு எனக்குக் குயி பறிச்சிக்கினு இருந்திருக்கான் பாருக்கா. நீ கண்டுபுடிச்ச!" என்றான். ஒருநாள் தனசேகர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவனைப் பார்க்கக் கங்காதர நெல்லூர் வந்தான். ரகு பழத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்து, அவன் முகத்தில் துப்பினான். தனசேகர் துடைத்துக்கொண்டு பஸ்ஸேறிப் போய்விட்டான். ரகு இதைப் பெருமையாகச் சொன்னபோது கன்னிகா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வகுப்பில் சாரங்கபாணி இருபத்தேழாம் வருஷத்து ஷாங்காய்ப் படுகொலையை முடித்துவிட்டு, ஒரேயடியாக முப்பத்துநாலாம் வருஷத்து நெடும்பயணத்துக்குத் தாவினார். நடுவில் ஏழு வருஷம் என்ன ஆயிற்று என்று கன்னிகாவுக்கு அரித்தது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது செல்லில் தேடினாள். கியாங்சி மலைப்பகுதி, தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம். எதிரியின் கையாட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில், கட்சிக்காரர்களே கட்சிக்காரர்களைப் பிடித்துக் கட்டி, ஊதுபத்தி நெருப்பால் உடம்பில் சுட்டிருக்கிறார்கள். வலி தாங்காமல் ஆமாம் என்றவன் இன்னும் நாலு பேர் பேரைச் சொல்லியிருக்கிறான். அந்த நாலு பேரையும் சுட்டால் பதினாறு. ஆயிரக்கணக்கில் செத்திருக்கிறார்கள்.

"முப்பதாம் வருஷத்துப் பாடம் உங்களுக்குத் தெரியாதா தோழர்?" என்று சாரங்கபாணியைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "தெரியும்மா. தெரியாம இருக்குமா? அதையெல்லாம் தொழிலாளிங்க கிட்ட சொன்னா தெம்பு போயிடும். அதான் விட்டேன்."

அன்றாவது அவள் தன் பாவத்தைச் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள். "விசாரணை தேதி வந்துடுத்து. உங்க தம்பிக்கு நாமதான் பலம்" என்றார் அவர். வாயை மூடிக்கொண்டாள்.

திருப்பதி லேபர் ஆபீசில் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மாள், தெலுங்குக்காரி, தமிழும் வரும். ஒரு பக்கம் கம்பெனி வக்கீல், மறுபக்கம் ரகு, கன்னிகா, சாரங்கபாணி, அகிலா. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காதென்று எல்லாருக்கும் தெரியும். அப்போது தனசேகர் உள்ளே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் அதிகாரி முன்னால் போய் நின்றான்.

"மேடம், நான் பக்கத்து மிஷினு. சென்சார ஆஃப் பண்ணது சூப்பர்வைசரு. நான் கண்ணால பார்த்தேன். ரகு குடிக்கவே மாட்டான்." ஒரு வார்த்தையையும் விழுங்காமல் பேசினான்.

ரகு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். துப்பின வாய் திறந்தபடி நின்றது.

கம்பெனி வக்கீல் அவசரமே படவில்லை. செல்லை எடுத்து மேஜைமேல் வைத்து அழுத்தினார். நான் சொன்னது எல்லாமே பொய், கால்ல வுயறேன் என்று தனசேகரின் குரல் அந்த அறையில் கதறியது. "இவரு கம்பெனி ஆளு, பொய்க்காரருன்னு சொன்னது நாங்க இல்ல மேடம். அவங்க சங்கமே சொல்லி, வீடியோ எடுத்து, ஊர் பூரா அனுப்பியிருக்கு. இப்ப அதே ஆளு அவங்களுக்குச் சாட்சியா?"

அதிகாரி சாரங்கபாணியைப் பார்த்தார். "ஏமண்டி, இது நிஜமா? இல்ல, பயமுறுத்திச் சொல்ல வெச்சீங்களா?" நிஜம் என்றால் சாட்சி போயிற்று, பயமுறுத்தினோம் என்றால் சங்கமே கம்பி எண்ண வேண்டும். மணிக்கணக்கில் சீனா பேசுகிற மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஈ கொந்து எவரிதி? பார்த்தேன்னு சொல்ற இந்தப் பொம்பளக் குரல்?"

"என்னுதுங்க" என்று கன்னிகா எழுந்தாள்.

"நீ நிஜமாவே பார்த்தியாம்மா? யோசிச்சுச் சொல்லு. நீ சொல்றத வெச்சுத்தான் இந்த சாட்சிய எடுத்துக்கறதா வேண்டாமான்னு."

இதைவிடச் சுலபமாகக் கடவுள்கூட ஒரு கதவைத் திறந்துவிட முடியாது. இல்லை என்ற ஒரே சொல், தம்பி பிழைத்துப்போவான். ரகு அவளையே பார்த்தான். தனசேகரும் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். இல்லையென்றால், பிறகு வந்தவன் யார் என்று கேட்பார்களே? அகிலா கேட்பாள், சாரங்கபாணி கேட்பார். பயந்த நாக்கு பழகின தடத்திலேயே போயிற்று.

"ஆமா. பார்த்தேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். கதவு திறந்தது. தலையை மட்டும் நீட்டி ஒருத்தன் வக்கீலைத் தேடினான். "சார், வண்டிய நவுத்தச் சொல்றாங்க, சாவி உங்க பேக்ல..." கண் சுற்றி வந்து ஒரு மூலையில் நின்றது.

"இவன்தான்!" என்று அகிலா கத்தினாள். "அன்னிக்கு எட்டிப் பார்த்தவன் இவன்தான்!"

பாலசுப்பிரமணியனுக்கு அவள் கத்தியது காதிலேயே ஏறவில்லை. "கன்னிகா? கம்ப்யூட்டர் கிளாஸுன்ன, இங்க இன்னா பண்ணிக்கினு கீற?" என்றான். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, அதிகாரிக்குக் கும்பிடு போட்டான். "என் சம்சாரம் மேடம். தப்பா நெனச்சுக்காதீங்க."

"இல்ல மேடம், நான் பார்க்கல, பொய் சொன்னேன், தனசேகர் சொல்றதுதான் நிஜம்" என்று கன்னிகா அழுதாள். வக்கீல் மெல்லச் சிரித்தார். "இப்ப சொல்றதும் பொய்யில்லன்னு எப்படி மேடம்?" அதிகாரி பேனாவை மூடினார். "மீலோ ஒக்கரைனா நிஜம் செப்பாரா? இந்தச் சாட்சிய நான் எழுதிக்க முடியாது." உங்களில் ஒருத்தராவது உண்மை சொன்னீர்களா என்று கேட்டார் அந்தம்மா. ஒருத்தன் சொன்னான். அவனுக்கு முதுகைக் காட்டித்தான் எல்லாரும் நின்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சாரங்கபாணி கன்னிகாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஞாயித்துக்கிழமை பிச்சாட்டூருக்கு வந்துடுங்க தோழர். சுயவிமர்சனம் பண்ணணும்."

தனசேகர் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழுந்தது. "உனக்கு நீச்சல் தெரியுமாக்கா?" என்று கேட்டான். கேலியில்லை. நிஜமாகவே கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

கன்னிகா தம்பியின் தோளைத் தொட்டாள். "ரகு, உனக்கோசரம்தான்டா..." என்றாள். அவன் தோளை உதறிக்கொண்டு அகிலாவிடம் போனான்.

"ஞாயித்துக்கிழம செல்ல எங்கிட்ட குடுக்கா" என்று இடது கையை நீட்டினான். "நான் புடிக்கிறேன்."